சின்னத்திரை அம்மாவும் ஆபீஸ் அம்மாவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தொடர்களில் குழந்தை பெற்ற நாயகி ஒரே காட்சியில் கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறாள். அப்புறம் பத்து எபிசோடுக்குக் குழந்தையையே காணோம். ஏன் இப்படி?

பதில்: பாதிக் காரணம் படப்பிடிப்புத் தளத்தில் இருக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நினைத்த நேரமெல்லாம் படம் பிடிக்க முடியாது. கலிஃபோர்னியாவில் பிறந்து 15 நாள் ஆகாத குழந்தையை நடிக்க வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு 6 மாதம் வரை ஒரு நாளில் 2 மணி நேரம் தளத்தில் இருக்கலாம். அதில் கேமரா முன் 20 நிமிடம்தான். அதனால்தான் மாற்றி மாற்றி நடிக்க வைக்க இரட்டைக் குழந்தைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள், தூரத்துக் காட்சிக்குப் பொம்மையைத் துணியில் சுற்றி வைக்கிறார்கள். விதி அவசியமானது. ஆனால் குழந்தையைக் கதையிலிருந்தே தூக்கிவிடுவதற்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

மறுபாதி, எழுதுகிறவர்களின் பழக்கம். வேலைக்குப் போகும் தாய் என்றால் அவள் செய்வது சரியா தப்பா என்ற வழக்குதான் கதையாகிறது. 1992-ல் 'மர்ஃபி பிரௌன்' தொடரின் நாயகி மணமாகாமல் குழந்தை பெற்றதை அமெரிக்கத் துணை ஜனாதிபதி டான் குவேல் மேடையேறிக் கண்டித்தார். விவாதம் சூடு பறந்தது, ஆனால் அப்படி ஒரு தாயின் வேலைநாள் எப்படி ஓடுகிறது என்பது அதில் பேச்சாகவே இல்லை. 2017-ல் கனடாவில் தொடங்கிய 'வொர்க்கின் மாம்ஸ்' தொடர், பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் பெண்களையே மையத்தில் வைத்தது. அந்த மாற்றம் வரவேற்க வேண்டியது.

கேள்வி: டி.வி.யில் தாய்ப்பால் எடுக்கும் பம்பை வைத்ததும் பாட்டில் நிரம்பிவிடுகிறது. எனக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 80 மில்லிதான் வருகிறது. குழந்தைக்கு மூன்று மாதம். அடுத்த மாதம் வேலை. பால் போதாதோ?

பதில்: பயப்படாதீர்கள். ஒரு தடவைக்கு 60 முதல் 120 மில்லி என்பது சாதாரணம். பாலூட்டிய கையோடு எடுத்தால் இன்னும் குறையும். பால் இறங்கவே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். எடுத்து முடிக்க 15–20 நிமிடம், கழுவி வைப்பதையும் சேர்த்தால் அரை மணி. இந்த அரை மணியைத்தான் டி.வி. வெட்டி எறிகிறது.

கணக்கு இப்படி: நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணிக்கும் சுமார் 30 மில்லி. ஒன்பது மணி நேரத்துக்கு 270. வேலை நேரத்தில் மூன்று மணிக்கொரு தடவை எடுத்தால் ஏறக்குறைய அடுத்த நாளைக்கு வந்துவிடும். குறைகிற கொஞ்சத்தை நிரப்ப, இப்போதிருந்தே காலையில் ஒரு தடவை எடுத்துச் சேருங்கள். பால் போதுமா என்பதைப் பாட்டிலை வைத்து முடிவு செய்யாதீர்கள். குழந்தையின் எடை ஏறுகிறதா, நாளுக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள்.

திடீரென்று பால் குறைந்தால் முதலில் பம்பைச் சந்தேகியுங்கள். சின்ன ரப்பர் வால்வு தளர்ந்தாலோ கிழிந்தாலோ இழுவிசை போய்விடும். மார்பில் பொருத்தும் புனலின் அளவு சரியில்லாவிட்டால் வலிக்கும், பாலும் முழுதாக வராது.

புதிதாக எடுத்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் தாங்கும். ஃப்ரீசரில் 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. ஃப்ரிட்ஜில் வைத்து உருக்கியதை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், மறுபடி உறைய வைக்காதீர்கள். திரையில் காட்டுகிற மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்காது. லேசாக நீலம் ஓடும், மேலே ஆடைபோல் கொழுப்பு பிரிந்து நிற்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

கேள்வி: வலைத்தொடர் ஒன்றுக்கு, விடுப்பு முடிந்து வருகிற பெண்ணின் முதல் நாளை எழுதுகிறேன். எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: கடிகாரத்தை. பத்தரைக்குப் பால் எடுக்க வேண்டியவளைப் பத்தேகாலுக்கு ஒரு மீட்டிங்கில் உட்கார வையுங்கள். பதினொன்றரைக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், சட்டையில் ஈரம் படரும், அவள் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பதில் சொல்வாள். இப்படியே பல நாள் போனால் பால் கட்டி, சிவந்து, காய்ச்சல் வரும். கொடுமைக்கார மேலதிகாரி தேவையே இல்லை. மீட்டிங் வைத்தவருக்கு விஷயமே தெரியாது என்பதுதான் நிஜத்துக்கு நெருக்கம். கழிப்பறையில் பால் எடுக்கும் காட்சியைச் சிரிப்புக்காக எழுதாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ம் ஆண்டு உடன்படிக்கை 14 வார விடுப்போடு, பாலூட்டும் இடைவேளையையும் சம்பளமுள்ள வேலை நேரமாகவே கணக்கிடச் சொல்கிறது. உங்கள் நாயகி அதைக் கேட்டு வாங்கட்டுமே! வீட்டில் பாட்டிலை அப்பா கொடுக்கட்டும். அம்மா பக்கத்தில் இருக்கும்போது பாட்டிலைத் தட்டிவிடும் குழந்தை, வேறொருவர் கையில் குடித்துவிடுவதுண்டு.

கேள்வி: ஒரு தொடரில் குழந்தை ஆயாவையே அம்மா என்று ஒட்டிக்கொள்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து என் மனைவி அழுகிறார்.

பதில்: குழந்தை பிறந்த சில நாளிலேயே அம்மாவின் குரலையும் வாசனையையும் அடையாளம் காணும், பகலில் வேறொருவர் பார்த்துக்கொள்வதால் அது அழியாது. இதை அவரிடம் சொல்லுங்கள். அழுகையோ சோர்வோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லையென்றால், டாக்டரிடம் கூடவே போங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. பாலூட்டிக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன.