வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு மெட்டல் செராமிக் கேப் போதுமா, சிர்கோனியாதான் வேண்டுமா?

உங்கள் அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்திருக்கிறது. மருத்துவர் சிர்கோனியா என்னும் உறுதியான வெண்பீங்கான் கேப் போடச் சொல்கிறார். மெட்டல் செராமிக் அதில் பாதி விலைக்குக் கிடைக்கும்போது இது வெறும் வியாபாரமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் ஒரு பல் லேபில் 22 ஆண்டுகளாகக் கேப்பும் பிரிட்ஜும் செய்து வருகிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் அம்மாவின் வாயைப் பார்க்காமல் சிகிச்சை சொல்லும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை விலையிலிருந்தும் பொருளிலிருந்தும் தொடங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் அப்பாவின் பல் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மெட்டல் செராமிக் என்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள ஓர் உலோகக் கூட்டின் மேல், அதன் கருமையை மறைக்க ஒரு பூச்சும், அதற்கு மேல் பல் நிறப் பீங்கானும் வைத்து, ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் பலமுறை சுட்டு எடுப்பது. இத்தனை அடுக்குகளுக்கு இடம் வேண்டும் என்பதால் மெல்லும் பரப்பில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை பல்லைக் குறைக்க வேண்டியிருக்கும். அந்த இடம் கிடைக்காதபோது நாங்கள் பீங்கானை மெலிதாக்கித்தான் தர வேண்டியிருக்கிறது. பிறகு அதுதான் சில்லு சில்லாகப் பெயர்கிறது. முழு சிர்கோனியா கேப் ஒரே பொருளால் ஆனது. சுண்ணக்கட்டி போல மென்மையாக இருக்கும் வட்டிலிருந்து, தேவையான அளவைவிட 20 முதல் 25 சதவீதம் பெரிதாகக் கடைந்தெடுத்து, 1500 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்தால் அது சரியான அளவுக்குச் சுருங்கி இறுகிவிடும். விரிசல் ஒன்று தொடங்கினால், அதன் முனையில் உள்ள படிகங்கள் வடிவம் மாறிப் பருத்து விரிசலை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்தக் குணத்தை 1975இல் விளக்கிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிர்கோனியாவை எஃகோடு ஒப்பிட்டதில் வியப்பில்லை. மெல்லும் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் அளவு குறைத்தாலே பெரும்பாலும் போதும் என்பதால், குட்டையான கடைவாய்ப் பல்லுக்கு மருத்துவர் இதைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கேப்பும் பல்லும் சேரும் விளிம்பில் விட்ட இடைவெளியை எந்தப் பொருளும் ஈடு செய்யாது. 2011இல் உடுமலைப்பேட்டையில் இருந்த என் அப்பாவுக்கு வேர் சிகிச்சை செய்து, பல்லைச் சீவி, ஆல்ஜினேட் என்னும் அச்சுப் பசையில் அளவு எடுத்து பஸ் பார்சலில் எங்கள் லேபுக்கு அனுப்பினார்கள். ஆல்ஜினேட் ஈரம் போகப் போகச் சுருங்கும் பொருள். எடுத்த சில நிமிடங்களிலேயே அதில் ஸ்டோன் என்னும் கெட்டிச் சாந்தை ஊற்றியாக வேண்டும். என் கைக்கு வந்தபோது அதன் ஓரங்கள் காய்ந்து சுருண்டிருந்தன. வேறு யாருடைய அளவாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். அப்பா மறுபடி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அளவு கொடுக்கப் போக வேண்டுமே என்றும், தெரிந்த மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்றும் தயங்கி, அதிலேயே செய்துவிட்டேன். பீங்கானின் நிறத்துக்காக மட்டும் இரண்டு இரவுகள் கூடுதலாக உட்கார்ந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் நிஜப் பல் போலவே இருக்கிறது என்றார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அந்தக் கேப் ஒரு கீறல்கூட இல்லாமல் முழுதாகக் கழன்று வந்தது. உள்ளே பல் ஈறு மட்டத்துக்குச் சொத்தையாகிக் கரைந்திருந்தது. நரம்பு எடுத்த பல் என்பதால் வலி எச்சரிக்கவும் இல்லை. வேரைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அப்பா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் செய்த கேப் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் லேபில் ஆல்ஜினேட் அளவில் கேப் செய்வதில்லை. சிலிகான் அளவோ ஸ்கேனோ வந்தால்தான் வேலையை எடுக்கிறோம். இதனால் சில மருத்துவமனைகளின் வேலை எங்களுக்கு வராமல் போனது. சிர்கோனியாவை விற்பதற்காக இப்படி எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சிரிக்கும்போது வெளியே தெரியாத கடைசிப் பல்லில், இடமும் குறைவு பணமும் குறைவு என்றால், முழு உலோகக் கேப்பைப் போலத் தாங்கும் கேப்கள் வேறு அதிகம் இல்லை. எங்களுக்கு மிகக் குறைந்த வருமானம் தருவதும் அதுதான். நிறம் பிடிக்காது என்பதால் யாரும் கேட்பதில்லை.

வாரண்டி அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டு என்று அச்சிட்ட அட்டையைப் பல்லுக்கே கிடைத்த உத்தரவாதமாகப் பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் கேப் உடைந்தால் மாற்றித் தருவதற்கானது. அடியில் சொத்தை வந்தால் அதற்குப் பொறுப்பேற்காது. அதே போல, மலிவான மெட்டல் செராமிக்கில் உள்ள நிக்கல் ஒவ்வாமை தருமா என்று பலரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தவிர்க்கவே வேண்டும். ஆனால் பெரிலியம் கலந்த நிக்கல்-குரோமியம் உலோகத்தைத் தேய்க்கும்போது எழும் தூசி, அதைத் தேய்ப்பவரின் நுரையீரலில் ஆறாத நோயை உண்டாக்கக்கூடும் என்பதை விலை பேசும்போது ஒருவரும் நினைப்பதில்லை. பெரிலியம் இல்லாத உலோகம் கிடைக்கிறது. மெட்டல் செராமிக்தான் என்று முடிவானால் அதைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்காக மட்டும் அல்ல, எங்களுக்காகவும்.

சிர்கோனியா எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகப் பாலிஷ் செய்த சிர்கோனியா எதிர்ப் பல்லை அதிகம் தேய்ப்பதில்லை. பொருத்தும்போது கடி உயரமாக இருக்கிறது என்று டிரில்லால் குறைத்துவிட்டு, அந்த இடத்தை மறுபடி பாலிஷ் செய்யாமல் விட்டால் அது உப்புத்தாள் போல ஆகிவிடும். ஆகவே குறைத்தால் பாலிஷும் செய்யச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு முன் கேப்பை வைத்துப் பார்க்கும் அன்று, ஊசிமுனைக் கருவி விளிம்பில் எங்கும் சிக்காமல் சுற்றி வருகிறதா என்று மருத்துவரிடமே கேளுங்கள். சிக்கினால், அளவை மறுபடி எடுக்கச் சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இவற்றுக்கெல்லாம் முன்பு, ஈறுக்கு மேல் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் உயரமாவது சொத்தையில்லாத பல் சுவர் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் சிர்கோனியாவும் மெட்டல் செராமிக்கும் ஒன்றுதான்; இரண்டுக்கும் பிடிமானம் இருக்காது. மருத்துவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதினால், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.