கவுன்சலரிடம் போகலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகிப் பதினோரு வருடம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்துவிட்டுப் போன வருடம் ஊரோடு வந்து விவசாயம் பார்க்கிறார். அடிப்பது, குடிப்பது எதுவும் கிடையாது. ஆனால் நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. பேசினால் சண்டை. "நான் அனுப்பின பணமெல்லாம் எங்கே போச்சு?" என்று அவர் ஆரம்பிப்பார். நான் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார். பெரியவர்கள் இரண்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். ஒன்றும் மாறவில்லை. தோழி ஒருத்தி தஞ்சாவூரில் தம்பதிகளுக்கு மனநல ஆலோசனை தரும் ஒரு கவுன்சலரைப் பார்க்கச் சொல்கிறாள். மாமியார் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய்வரச் சொல்கிறார். கவுன்சலர் என்றால் என்ன படித்திருப்பார்? யார் பக்கம் பேசுவார்? சொல்வது வெளியே போய்விடாதா? வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றால் நான் மட்டும் போய் என்ன பயன்? பெயர் போட வேண்டாம்.

சு.

அன்புள்ள சு.,

போகலாம். தாராளமாகப் போகலாம்.

"யார் பக்கம் பேசுவார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் பேச வந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் பக்கத்தில் குடும்பச் சண்டை என்றால் திண்ணையில் நாலு பேர் உட்காருவார்கள். இரண்டு தரப்பையும் கேட்பார்கள். கடைசியில் "பொம்பளைதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்று முடிப்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் தீர்ப்பு சொல்லக் கூப்பிட்டவர் ஏதாவது ஒரு தீர்ப்பு சொல்லித்தான் ஆகவேண்டும். யாரோ ஒருவர் தோற்றுப்போய் வீட்டுக்குள் போவார். மறுநாள் அதுவே அடுத்த சண்டைக்குக் காரணமாகும்.

நல்ல கவுன்சலர் தீர்ப்பு சொல்லமாட்டார். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார். எம்.ஏ. உளவியல் முடித்த கையோடு, 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக் கிராமங்களுக்குத் தொண்டராகப் போனவர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து வந்த குழுக்கள் அப்போது உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தன. பிள்ளையைப் பறிகொடுத்த புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தற்காலிகக் குடியிருப்பில் இருப்பார்கள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், இவள் ஓயாமல் அழுவாள். "உனக்குத் துக்கமே இல்லையா?" என்று இவள் கேட்பாள். அவர் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார். இரண்டு பேருக்கும் ஒரே துக்கம்தான். ஒருவர் துக்கம் இன்னொருவருக்கு அலட்சியமாகத் தெரிந்தது. தம்பதிகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசும் வேலைக்கு வந்ததே இதைப் பார்த்துத்தான் என்பார் அந்த அம்மா. அப்புறம் இரண்டு வருடம் எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி (மருத்துவ உளவியல்), அதற்குமேல் குடும்ப சிகிச்சையில் பயிற்சி என்று படித்தார்.

உங்கள் வீட்டுச் சண்டையை அவரிடம் கொண்டுபோனால் என்ன நடக்கும்? பணம் எங்கே போயிற்று என்று கணக்குக் கேட்கமாட்டார். கடைசியாக நடந்த ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பிரிப்பார். அன்றைக்கு மணி என்ன, நீங்கள் எங்கே நின்றீர்கள், வீட்டுக்காரர் என்ன வார்த்தை சொன்னார், கேட்டதும் உங்களுக்கு நெஞ்சு அடைத்ததா, கை நடுங்கியதா. உங்கள் வீட்டுக்காரரிடம், மனைவி அடுப்படிக்குப் போனபோது உங்களுக்குள் என்ன ஓடியது என்று கேட்பார். ஒரு தாளில் வட்டம் போடுவார்: கேள்வி, மௌனம், இன்னும் சத்தமாகக் கேள்வி, வண்டிச் சாவி. அந்த வட்டத்தை உங்கள் இருவருக்கும் நடுவில் வைப்பார். எதிரி அதுதான் என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கத் தொடங்குவீர்கள். இந்த முறையை 1980களில் சூ ஜான்சன், லெஸ்லி கிரீன்பெர்க் என்ற இருவர் கனடாவில் உருவாக்கினார்கள்.

உங்கள் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனை வருடம் வெளியூரில் உழைத்துவிட்டு வந்தவர், தான் இல்லாமலே வீடு நடக்கப் பழகிவிட்டதைப் பார்க்கிறார். பால்காரர் கணக்கிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடக் கையெழுத்து வரை எல்லாம் உங்கள் கையில். அந்தப் பணக் கேள்விக்கு உள்ளே "எனக்கு இங்கே என்ன இடம்?" என்ற கேள்வியும் இருக்கலாம். உங்களுக்கோ அது திருட்டுப் பட்டமாகக் காதில் விழுகிறது. தனியாளாகக் கஜா புயலையும் சமாளித்துப் பிள்ளைகளை வளர்த்தவருக்கு அப்படித்தான் வலிக்கும்.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தவர். தம்பதிகளுக்குள் வரும் பூசல்களில் சுமார் 69 சதவீதம் கடைசிவரை தீராதவை என்று அவர் கண்டார். நன்றாக வாழ்கிறவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் அதைப் பேசும் விதம்தான் வேறு. அவர் சொன்ன இன்னொன்றை இன்றைக்கே செய்து பார்க்கலாம். நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டால் காது வேலை செய்யாது, எதிரே இருப்பவர் சொல்வது ஏறாது. குறைந்தது இருபது நிமிடம் விலகியிருக்கச் சொல்கிறார். நீங்கள் அடுப்படிக்குப் போவதில் தப்பில்லை. "கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசுறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள்.

கவுன்சலர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்கக் கூச்சமே படாதீர்கள். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநலம் படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து தரமாட்டார், பேசித்தான் சிகிச்சை. இவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிவு எண்ணைக் கேளுங்கள். கவுன்சலர் என்ற போர்டு மட்டும் இருந்தால் எங்கே படித்தார், எத்தனை வருடப் பயிற்சி, தம்பதிகளைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். ஏனென்றால் சில நாள் வகுப்புக்குப் போய்விட்டு போர்டு மாட்டியவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். முதல் நாளே "விவாகரத்து பண்ணிடுங்க" என்றோ "பொறுத்துப் போங்க" என்றோ சொல்கிறவரிடமும் வேண்டாம்.

நீங்கள் சொல்வது வெளியே போகக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை என்றே இருக்கிறது. உயிருக்கு ஆபத்து, மற்றவருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. தம்பதியாகப் போகும்போது ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: தனியாகச் சொன்னதை மற்றவரிடம் சொல்வீர்களா, மாட்டீர்களா? ஆளுக்கு ஆள் இதில் வழக்கம் வேறு. தஞ்சாவூரில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் வீடியோ காலில் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். செலவுதான் யோசனை என்றால் தஞ்சை, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416க்குப் போன் செய்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

அடி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நிம்மதி. இதைப் படிக்கும் வேறு பெண்களுக்காகச் சொல்கிறேன். அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டில் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பது ஆபத்து. அங்கே முதலில் பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள்.

மாமியார் சொல்வதற்காகக் குணசீலம் போய்வாருங்கள். பெருமாளைச் சேவிப்பதற்கும் கவுன்சலரைப் பார்ப்பதற்கும் ஒரு சண்டையும் இல்லை. மாமியார் தனக்குத் தெரிந்த வழியில் உங்கள் இருவர் மேலும் அக்கறை காட்டுகிறார்.

உங்கள் வீட்டுக்காரர் கவுன்சலரிடம் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போவது வீணில்லை. உங்கள் மௌனம் மாறினாலே அந்த வட்டம் பழையபடி சுற்றாது. அவரிடம் "உங்களைச் சரிபண்ணக் கூட்டிட்டுப் போறேன்" என்ற தொனி வரவே கூடாது. "எனக்கு உங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல, ஒருத்தர்கிட்ட கேக்கப் போறேன், நீங்களும் வந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். சண்டை நடந்த அன்று சொல்லாதீர்கள். சம்பா அறுவடை முடிந்துவிட்டது. மேட்டூர் திறக்க ஜூன் ஆகும், கடைமடைக்குத் தண்ணீர் வர இன்னும் நாளாகும். அவர் கையில் வேலை குறைந்திருக்கும் இந்த மாதங்களிலேயே கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்காமல் முதல் அப்பாயின்ட்மென்ட்டை உங்கள் பெயரில் வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா