யாரோ ஒருவர்

கேள்வி: மெக்சிகோ நகரத்து அலமேடா பூங்காவில் கூட்டம் கூடியிருப்பதாக மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா வரைந்த ஓவியத்தில், நடுவில் ஓர் எலும்புக்கூடு யாரோ ஒருவரின் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறதே! சாவைத்தான் சொல்கிறாரா?

பதில்: சாவு இருக்கட்டும். ‘யாரோ ஒருவர்’ என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் சுருக்கென்று தைத்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட அந்த மனிதர் ஹோசே குவாதலூப்பே போசாடா. அந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டியைப் பெற்றெடுத்தவரே அவர்தான். தெருவில் ஓரிரு காசுக்கு விற்கும் ஒற்றைத் தாள்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தவர். கொலை, விபத்து, திருவிழா எதுவானாலும் படம் உடனே வேண்டும். துத்தநாகத் தகட்டில் அவர் போட்டது ஒரு மண்டையோடும், இறகு செருகிய பெரிய தொப்பியும்தான். சொந்தப் பழங்குடி வேரை மறைத்து ஐரோப்பியச் சீமாட்டியாக வேஷம் கட்டியவர்களுக்கு அவர் வைத்த சூடு அது. 1913-ல் வறுமையில் இறந்தார். ஏழைகளுக்கான இலவசக் குழியில் புதைத்தார்கள்.

1947-ல் ஒரு ஹோட்டல் சுவரில், சுமார் 15 மீட்டர் நீளத்துக்கு ரிவேரா இதை வரைந்தார். போசாடாவின் மண்டையோட்டுக்கு உடம்பு கொடுத்தார், உடை கொடுத்தார், தோளில் அந்நாட்டுப் பழந்தெய்வமான இறகுப் பாம்பைப் போட்டார். அவளுடைய ஒரு கையைப் போசாடாவிடம் தந்துவிட்டு, தன்னையே சின்னப் பையனாக வரைந்து மறு கையைப் பிடித்துக்கொண்டார். பையனின் சட்டைப் பையில் தவளையும் பாம்பும். நாட்டைப் பிடித்த கோர்தேஸ், ஆண்ட ஹுவாரேஸ், தியாஸ் எல்லாரும் பின்னால் கூட்டத்தோடு கூட்டம். முன்வரிசை நடுவில் அச்சகத்து ஆள்!

பத்திரிகைப் படமெல்லாம் கலையா என்று கேட்பவர்களோடு எனக்குப் பல வருஷச் சண்டை. பழைய பைண்டு தொகுதி ஏதாவது கிடைத்தால் பிரித்துப் பாருங்கள். கதை எழுதியவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். படம் போட்டவர், கீழ் மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கையெழுத்து. பல பக்கங்களில் அதுவும் பைண்டரின் கத்திக்குப் போயிருக்கும். ரிவேரா அந்த மூலையிலிருந்த மனிதரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் இந்த ஓவியத்தை அப்படித்தான் படிக்கிறேன்.

அப்புறம், அதே பூங்காவில் ஒரு போலீஸ்காரர் பழங்குடிக் குடும்பம் ஒன்றை வெளியே விரட்டிக்கொண்டிருக்கிறார். எலும்புக்கூட்டை விட்டுக் கண்ணை எடுத்து, அவர்களையும் கொஞ்ச நேரம் பாருங்கள்.