அடி சபையில், சாரி தனியாகவா?

அன்புள்ள ஐயா,

500 ரூபாயைக் காணோம் என்று, ஊரிலிருந்து வந்திருந்த தம்பி குடும்பத்தின் முன்னால் என் ஒன்பது வயது மகளை அறைந்துவிட்டேன். மறுநாள் பணம் பைக் பெட்டியில் இருந்தது. மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. சாக்லேட் வாங்கிக்கொடுத்தேன், தொடவில்லை. மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு என்னை மதிப்பாளா? குழந்தைதானே, மறந்துவிடுவாள் என்கிறாள் மனைவி.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மதிப்பாளா என்பதை விடுங்கள், இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? இதையே ஒரு டீச்சர் செய்திருந்தால் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு என்று பள்ளி வாசலில் போய் நின்றிருப்பீர்கள். மறந்துவிடுவாளா? எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் முகத்தில் சலனமே இல்லாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். சில மாதக் குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அம்மா பழையபடி கொஞ்ச ஆரம்பித்தாலும் சிணுங்கல் உடனே நிற்பதில்லை. உங்கள் மகளுக்கு ஒன்பது வயது!

அந்தச் சாக்லேட்தான் என்னை எழுத வைத்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ரேஷன் கார்டைத் தொலைத்துவிட்டேன் என்று, மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற தெருவே பார்க்க அப்பா அடித்தார். கார்டு அவருடைய டைரிக்குள்ளேயே இருந்தது. அன்று ராத்திரி என் கணக்குப் புத்தகத்தின் மேல் பேப்பரில் பொதிந்த வெங்காய பஜ்ஜி. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பசி, தின்றுவிட்டேன். எண்ணெய் ஊறி அட்டையில் வட்டமாகக் கறை விழுந்துவிட்டது, வருஷம் முழுக்க அந்தப் புத்தகத்தைத்தான் தூக்கிக்கொண்டு போனேன். அப்பா கெட்டவர் இல்லை, பாவம், அவருக்குத் தெரிந்தது பஜ்ஜிதான். ஆனால் வரிசையில் நின்றவர்களிடம் யார் போய்ச் சொன்னது, பையன் தொலைக்கவில்லை என்று? எதிர்வீட்டு அத்தை என் கல்யாணப் பந்தியில்கூட, "என்னப்பா, ரேஷன் கார்டு பத்திரமா இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்.

உங்கள் தம்பி குடும்பம் இப்போது ஊரில் என்ன நினைத்துக்கொண்டிருக்கும்? அண்ணன் மகளுக்குக் கை நீளம் என்றுதானே? நீங்கள் அவள் காதோடு சாரி சொன்னால் அந்தப் பட்டம் போய்விடுமா? நாலு பேர் முன்னால் அடித்தவர் அந்த நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும். "ஆனா நீயும் அன்னைக்கு எதிர்த்துப் பேசினே" என்று வால் வேறு சேர்க்காதீர்கள், தயவுசெய்து.

இன்றைக்கே தம்பிக்கு போன் போடுங்கள், ஸ்பீக்கரில், அவள் பக்கத்தில் இருக்கும்போது. பணம் எங்கே இருந்தது, தப்பு யாருடையது என்று தம்பி பெண்டாட்டிக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். அப்புறம் மகளைப் பார்த்துச் சொல்லுங்கள். உடனே ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்க்காதீர்கள், அவள் இஷ்டம். சாக்லேட்டை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்.