படைச்சேவையால் பந்துவீச்சு போய்விடுமா?

மதிப்பிற்குரிய அம்மா,

சிங்கப்பூரில் பேஸ்பால் பிட்சராக (பந்து வீசுபவராக) ஆடிவரும் தங்கள் மகன் தேசியச் சேவைக்குச் செல்லும் இரண்டு ஆண்டுகளில் கைவேகத்தை இழந்துவிடுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரில் இதைவிட நீண்ட, ஆபத்தான இடைவெளியைக் கடந்த அமெரிக்க வீரர்களின் அனுபவம் இதற்கு ஓரளவு விடை தருகிறது.

அயோவா மாநிலத்து வான் மீட்டர் என்னும் சிற்றூரில் பிறந்த பாப் ஃபெல்லர், 1936இல் 17 வயதிலேயே கிளீவ்லாந்து அணிக்காக ஒரே ஆட்டத்தில் 17 ஸ்ட்ரைக் அவுட் (பிட்சர் மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்குகளில் வெளியேற்றுவது) எடுத்த பிறகும், ஊர் திரும்பிப் பள்ளிப் படிப்பை முடித்தார் (பெற்றோர் பலர் இதைக் கவனிப்பதில்லை). பிட்சராகத் தம் கணக்கில் சேர்ந்த 107 வெற்றிகளோடு உச்சத்தில் இருந்தவர், 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதுமே, தந்தையின் புற்றுநோயைக் காட்டி விலக்குப் பெற வழியிருந்தும், கடற்படையில் சேர்ந்தார். அலபாமா போர்க்கப்பலில் விமான எதிர்ப்புப் பீரங்கிக் குழுவை நடத்தியபோதும், மேல்தளத்தில் ஓடுவதையும் பந்தெறிந்து பிடிப்பதையும் அவர் விடவில்லை. 1945 ஆகஸ்டில் திரும்பி ஆடிய முதல் ஆட்டத்திலேயே 12 ஸ்ட்ரைக் அவுட். மறு ஆண்டில் 26 வெற்றி, 348 ஸ்ட்ரைக் அவுட். போர் குறுக்கிடாதிருந்தால் அவருடைய மொத்த வெற்றிகள் 266இல் நிற்காமல் 300ஐத் தாண்டியிருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். ஆயினும் அந்தக் கணக்கால் தங்கள் மகனுக்குப் பயனில்லை.

இன்னொரு பிட்சரான வாரன் ஸ்பான் ராணுவப் பொறியியல் பிரிவில் இருந்து ஜெர்மனியின் ரெமாகன் பாலத்தில் காயமுற்றவர். தம் முதல் வெற்றியையே போருக்குப் பின், 25 வயதில்தான் பெற்றார். ஓய்வு பெறும்போது 363 வெற்றிகள். எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. 1941 மார்ச்சில் படைக்கு அழைக்கப்பட்ட பிலடெல்பியா அணியின் பிட்சர் ஹியூ மல்காஹி, சேவையில் சீதபேதியால் உடல் மெலிந்து திரும்பி, அதன்பின் மூன்றே ஆட்டங்களில் வென்றார். இடைவெளியின் நீளத்தைவிட, உடல் எந்த நிலையில் திரும்புகிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

ஆகவே, தோளிலோ முழங்கையிலோ வலி இருந்தால் சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையிலேயே மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வார இறுதி விடுப்பில் செய்யக்கூடிய எளிய தோள் பயிற்சியையும் மிதமான வீச்சையும் பயிற்றுநரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேவை முடிந்ததும் முழு வேகத்தில் வீசத் தொடங்குவதே காயத்திற்கு வழி. தூரத்தையும் வேகத்தையும் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் தேசியச் சேவையாளர்களுக்கு இடத்தை ஒதுக்கி வைப்பதால், படிப்புக்கான விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.