கீசரைப் போட்டால் ஆர்சிசிபி விழுவது ஏன்?

கீசரைப் போட்ட சில நிமிடங்களில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துவிடுவதாகவும், எர்த் வயரைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்று எலக்ட்ரீசியன் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைக் கழற்றாதீர்கள். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதைத்தான் ஆர்சிசிபி கவனிக்கிறது. வீடுகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் வகை, வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டினால் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த்தைக் கழற்றினால் கோளாறு அப்படியே இருக்கும். கசியும் மின்சாரம் குளிப்பவரின் ஈர உடல் வழியாகத் தரைக்குப் போக நேரிடும்.

பெரும்பாலும் கோளாறு ஹீட்டிங் எலிமென்ட்டில்தான் இருக்கும். அதன் உலோகக் குழாய்க்குள், சூடாகும் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடியை அடைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் குழாயின்மேல் வெள்ளையாகக் காரை படிந்து, உலோகம் அரித்து, மயிரிழை போன்ற விரிசல் வழியே ஈரம் பொடிக்குள் இறங்கும்போது மின்காப்பு கெட்டுவிடுகிறது.

சோதிக்கும்போது சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். ஏனெனில் சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது, நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்போதும் ஆர்சிசிபி விழக்கூடும். பிறகு எலிமென்ட்டின் முனைக்கும் உலோக உறைக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரால் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) அளக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் அளப்பதால் இத்தகைய கசிவைப் பல நேரம் காட்டாது. 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எலிமென்ட்டை மாற்றிவிடுங்கள். கூடவே ரப்பர் கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும், பழையதிலிருந்து முனைகளின்மேல் சொட்டும் நீரே ஆர்சிசிபியை மறுபடி விழவைக்கும்.