பல் எக்ஸ்ரே: ஈயக் கவசம் போர்த்தாவிட்டால் ஆபத்தா?

கேள்வி: ஜோர்ஜ்டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் என் 10 வயது மகளுக்குக் கடைவாயில் இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈயக் கவசம் போர்த்தவில்லை. முன்பெல்லாம் போர்த்துவார்களே?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அது கவனக்குறைவு அல்ல. ஈய ஏப்ரனும் தொண்டைக் கவசமும் இனி வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2024-இல் அறிவித்துவிட்டது. வாய்க்குள் எடுக்கும் ஒரு படத்தின் கதிரளவு ஏறக்குறைய 1 முதல் 8 மைக்ரோசீவர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் நம் உடலில் சேரும் இயற்கைக் கதிர், உலகச் சராசரியில் நாளுக்கு 6, 7 மைக்ரோசீவர்ட். தவிர, உடலுக்குள் சிதறும் கதிரை வெளியே போர்த்திய ஈயம் தடுக்காது.

நீங்கள் பார்க்க வேண்டியது கருவியின் குழாய் முனையை. அது வட்டமாக இருந்தால் படத்தகட்டைத் தாண்டிக் கன்னமெல்லாம் கதிர் படும். தகட்டின் அளவுக்குச் செவ்வகமாகக் குறுக்கினால் கதிரளவு பாதிக்கும் மேல் குறையும். அடுத்து, குழந்தைக்குச் சிறிய சென்சார் (வாய்க்குள் வைத்துப் படத்தைப் பதியும் தகடு) வைத்தார்களா, கதிர் நேரத்தைக் குறைத்தார்களா என்று கேளுங்கள். பெரிய சென்சார் அண்ணத்தில் குத்தும், பிள்ளை அசையும், படம் கலங்கும், மறுபடி எடுப்பார்கள். இப்படி மறுபடி எடுப்பதிலும் கதிர் வீணாகிறது. ஃபிலிம் கழுவும் கிளினிக்கில் இன்னொரு கோளாறும் உண்டு: கழுவும் மருந்து பழசாகிப் படம் வெளிறினால், மருந்தை மாற்றாமல் கதிர் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். அது பெரிய தவறு. உதவியாளர் தகட்டை விரலால் பிடிப்பதும் கூடாது. அதற்கென்றே பிடிப்பான் இருக்கிறது.

சொத்தை வராத பிள்ளைக்கு 1, 2 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். 6 மாதத்துக்கு ஒருமுறை வழக்கம் என்றால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். மலேசியாவில் எக்ஸ்ரே கருவிக்கு 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டப்படி உரிமம் வேண்டும், அதையும் கேட்கலாம்.

கேள்வி: ஞானப்பல்லுக்கு ஓபிஜி (தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே) எடுக்கும்போது தோடு, மூக்குத்தி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். பல்லுக்கும் தோட்டுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஓபிஜியில் குழாய் தலையைச் சுற்றி வருகிறது. அதனால் இடது தோட்டின் நிழல் வலப்பக்கம், சற்று மேலே, பெரிதாகவும் மங்கலாகவும் விழும். பின்கழுத்துச் சங்கிலி கீழ்த்தாடையின் நடுவை மறைக்கும். தொண்டைக் கவசமும் இதே காரணத்தால் ஓபிஜிக்கு ஆகாது. தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாக்கை அண்ணத்தோடு ஒட்டி வையுங்கள். இறங்கினால் இடையிலுள்ள காற்று மேல்பற்களின் வேர்மேல் கருப்புப் பட்டையாகத் தெரியும். கருவி சுற்றி முடியும்வரை அசையாதீர்கள்.

கேள்வி: மனைவி 5 மாதக் கர்ப்பிணி. பல்லில் சீழ். எக்ஸ்ரே எடுக்கலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: எடுக்கலாம். கர்ப்பத்தை முதலிலேயே சொல்லுங்கள். கதிர் வயிற்றை நோக்கிப் போவதில்லை. கருவுக்குச் சேர்வது மிகச் சொற்பம். சீழைத் தள்ளிப்போடுவதுதான் தாய்க்குக் கேடு. அவசரமில்லாத சோதனைப் படம் மட்டும் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேறு கிளினிக்கில் அண்மையில் எடுத்த படம் இருந்தால் பிரதி வாங்கிக் கையோடு கொண்டு போங்கள்.